கேட்டது தாடை மூலை, தேவைப்பட்டது நாடி: கொழும்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கத்தி வைக்காமல் தாடையை எடுப்பாக்க முடியுமா என்று கேட்டு எங்கள் சிகிச்சை அறைக்கு வரும் ஆண்கள் இப்போது அதிகம். அவர்களில் பலர் கேட்பது ஒன்றாகவும் அவர்கள் முகத்துக்குத் தேவைப்படுவது வேறொன்றாகவும் இருக்கிறது. கீழே வருகிறவரின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன், அளவுகளிலும் சிகிச்சையிலும் கை வைக்கவில்லை.

வந்த காரணம்

வயது 32. சொந்த இடம் வவுனியா. வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரோடு அறை எடுத்துத் தங்கி, கோட்டைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக வேலை. கலியாணம் பேசி முடிந்துவிட்டது, நாலு மாதத்தில் பொன்னுருக்கு. குறிப்போடு சேர்த்துப் பெண் வீட்டுக்கு அனுப்பிய படத்தில் தன் முகம் பக்கவாட்டில் "ஒன்றுமே இல்லாத மாதிரி" இருந்ததாகச் சொன்னார். பெண் வீட்டார் எதுவும் சொல்லவில்லை. இவருக்குத்தான் அது மனதில் நின்றுவிட்டது.

அவர் கேட்டது இரண்டு. "டொக்டர், காதுக்குக் கீழ இருக்கிற இந்த மூலை ரெண்டும் இன்னும் கொஞ்சம் வெளியில வரவேணும். பிறகு, நாடிக்குக் கீழ உள்ள கொழுப்பைக் கரைக்கிற ஊசி."

"இன்னும்" என்ற சொல்லில் நின்றேன். ஏற்கெனவே ஊசி போட்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஏழு மாதத்துக்கு முன் ஓர் அழகு நிலையத்தில், இரண்டு பக்கத் தாடை மூலையிலும்.

"தம்பி, அந்த மருந்தின்ர பெட்டியைக் காட்டினவையோ?"

"இல்லை டொக்டர். நான் போகேக்க சிரிஞ்சில இழுத்து வைச்சிருந்தது."

"போட்டவர் டொக்டரோ?"

"கோட் போட்டிருந்தவர்."

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தாடை மூலையில் போட்ட ஊசி பிசகினால் அந்த இடம் மட்டும் வீங்கி அடங்கிவிடும் என்பதில்லை. உதட்டோரம், நாக்கு, தோல் என்று எங்கே போய் நிற்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மற்ற விவரங்கள்: கடந்த இரண்டு ஆண்டில் ஒன்பது கிலோ கூடியிருக்கிறது. உடல் நிறைச் சுட்டெண் 27.6. தெற்காசியர்களுக்கு 23க்கு மேலேயே கவனம் தேவை என்பதால் இது சின்ன எண் அல்ல. வெற்றிலை, பாக்கு இல்லை. எப்போதாவது சிகரெட். குறட்டை உண்டு. அறைத் தோழர் அதைப் பற்றிப் பலமுறை முறையிட்டிருக்கிறார். ஓராண்டாக நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்துப் பழகும் 'மியூயிங்' பயிற்சி. அதோடு, இணையத்தில் வாங்கிய ரப்பர் உருண்டையைத் தினமும் கடித்து மெல்லும் பயிற்சியும்.

அந்த இரண்டு பயிற்சிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரித்தானியப் பல் மருத்துவர் ஜோன் மியூவின் கருத்துகளிலிருந்து கிளம்பியது மியூயிங். வளர்ந்து முடிந்த ஆணின் தாடை எலும்பை நாக்கை வைக்கும் விதம் முன்னுக்குக் கொண்டுவரும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. ரப்பர் உருண்டை வேலை செய்யும், ஆனால் தவறான இடத்தில். மெல்லும் தசை கன்னத்தின் பின்பகுதியில்தான் இருக்கிறது. அது தடித்தால் முகத்தின் பின்பக்கம் அகலமாகும், நாடி ஒரு மில்லிமீட்டர் கூட முன்னுக்கு வராது. இவருக்கு அதனால் கிடைத்தது இடது காதுக்கு முன்னால் வாய் திறக்கும்போது வரும் 'டிக்' சத்தமும், காலையில் தாடை இறுகி எழும்புவதும்தான். முதல் நாளிலேயே அந்த உருண்டையை நிறுத்தச் சொன்னேன்.

பரிசோதனை

படத்திலிருந்து தொடங்கினோம். அவர் போனில் காட்டிய படங்கள் எல்லாம் கை நீட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபி. முகத்துக்கு 30 சென்ரிமீட்டர் தூரத்தில் கமராவை வைத்தால், ஒன்றரை மீட்டரில் எடுத்த படத்தோடு ஒப்பிட மூக்கு ஏறத்தாழ 30 வீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். முன்னுக்கு இருக்கும் மூக்கு பெருக்க, பின்னுக்கு இருக்கும் தாடையும் காதும் சிறுக்கும். அதனால் ஒன்றரை மீட்டர் தூரத்தில், கண்ணும் காதும் ஒரே மட்டத்தில் வரும்படி தலையை நிறுத்தி, நேரிலும் பக்கவாட்டிலும் சாய்வாகவும் புதுப் படங்கள் எடுத்தோம். கணினி முன் நாள் முழுக்க இருப்பவர்கள் கழுத்தை முன்னுக்கு நீட்டி நாடியைத் தூக்கி நிற்பார்கள், அதைச் சரிசெய்யாமல் எடுத்த படத்தில் எந்த அளவும் நம்பத்தக்கதல்ல.

சரியான படத்திலும் குறை இருந்தது. கீழுதட்டின் முன் விளிம்பிலிருந்து நேர்க்கோடு ஒன்றைக் கீழே இறக்கினால் ஆண்களுக்கு நாடி அந்தக் கோட்டைத் தொடவோ அதற்கு மிக அருகில் நிற்கவோ வேண்டும். இவருக்கு 7 மில்லிமீட்டர் பின்னால் நின்றது. வாயை மூடச் சொன்னேன். உதடுகள் சேர்வதற்கு நாடித் தசை இழுத்து முயல, தோல் தோடம்பழத் தோல் போலக் குழிகுழியாகியது. இதைக் கவனிக்காமல் யாரும் நாடியில் ஊசி போடக்கூடாது. எலும்பு போதாத இடத்தில் தசை நாள் முழுவதும் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

பற்கள்: மேல் முன்பல், கீழ் முன்பல்லை விட 6 மில்லிமீட்டர் முன்னால். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருப்பது வழமை. ஆகவே இவருக்கு நாடி நுனி மட்டும் சிறியதல்ல, கீழ்த் தாடை முழுவதுமே சற்றுப் பின்னுக்கு இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். முதலாவதை, ஊசியால் உள்ளே நிரப்பும் ஜெல் (ஃபில்லர்) ஓரளவு ஈடு செய்யும். இரண்டாவதை ஜெல் மறைக்கலாம், மாற்ற முடியாது.

வாய்க்குள்ளும் பார்த்தேன். தாடைக்கு வருகிறவர் எவராயினும் நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், நாக்குக்கு அடி எல்லாவற்றையும் பார்ப்பேன். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அழகுக்காக வந்தவரின் வாயில் வெள்ளைத் திட்டு ஒன்றைக் கவனிக்காமல் விட்டு, வெளியில் ஊசி போட்டு அனுப்புவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

கழுத்து: நாடிக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்தேன், பிறகு கழுத்துத் தசையை இறுக்கச் சொல்லி மறுபடி கிள்ளினேன். தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள கொழுப்பு விரலுக்குள் வரும், தசைக்குக் கீழே உள்ளது வராது. இவருக்கு விரலுக்குள் வந்தது கொஞ்சம்தான்.

முகத்தின் இடது மூலையில், பல்லைக் கடிக்கும்போது, ஒரு கச்சான் கொட்டை அளவில் கட்டி தெரிந்தது. வலது பக்கம் அவ்வளவு இல்லை. சிரிக்கச் சொல்லி, உதட்டைக் கீழே இழுக்கச் சொல்லிப் படம் எடுத்து வைத்தோம். தாடை விளிம்பை ஒட்டி ஓடும் முகநரம்பின் கிளை கீழுதட்டை அசைப்பது. சிகிச்சைக்கு முன்பே சிரிப்பு கோணலாக இருந்ததா என்ற கேள்வி பிறகு எழுந்தால் இந்தப் படம்தான் பதில்.

கடைசியாக மனம். இந்தக் குறையை ஒரு நாளில் எவ்வளவு நேரம் நினைக்கிறீர்கள், அதனால் வேலைக்கோ வெளியிலோ போகாமல் இருந்ததுண்டா, கண்ணாடியை எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நூறு பேரில் இரண்டு பேரளவில் காணப்படுகிற உருவக்குறைப் பிரமை என்ற நோய், அழகு சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் அதைவிடக் கூடுதலாகக் காணப்படும். அவர்களுக்கு ஊசி நிம்மதி தராது, இன்னொரு ஊசிக்குத்தான் கொண்டுபோகும். அவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. குறை உண்மையானது, கவலை அதற்கேற்ற அளவில் இருந்தது.

ஏன் மூலை இல்லை

இவரிடம் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். நாடி பின்னுக்கு இருக்கும் முகத்தில் காதுக்குக் கீழே உள்ள மூலையை அகலப்படுத்தினால் முகத்தின் பின் மூன்றில் ஒரு பங்கு கனக்கும், முன்பகுதி அப்படியே நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு நாடி முன்னைவிடச் சிறிதாகத் தெரியும். முதல் ஊசிக்குப் பிறகு அவருக்குத் திருப்தி வராததற்குக் காரணம் அளவு குறைந்தது அல்ல, இடம் தவறியது. புதுப் படத்தில் மூலையை விரலால் மறைத்தும், நாடிக்கு முன் பருத்திப் பஞ்சைச் சுருட்டி வைத்தும் காட்டினேன். அவரே கண்டுகொண்டார்.

நாடிக்குக் கீழே இருந்தது பற்றியும் இதே கதைதான். நாக்கையும் வாயின் அடித்தளத்தையும் தாங்கும் தசைகள் நாடி எலும்பின் உட்புறத்தில் தொடங்குகின்றன. அந்த எலும்பு பின்னுக்கு இருந்தால் நாடிக்கும் கழுத்துக்கும் இடையிலான தூரம் குறுகி, அந்தக் கோணம் மழுங்கிவிடும். கொஞ்சம் கொழுப்பு இருந்தாலே இரட்டை நாடி போலத் தெரியும்.

கொழுப்பைக் கரைக்கும் டியொக்சிகோலிக் அமில ஊசியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் இந்த இடத்துக்கென்று அங்கீகரித்தது. ஆனால் அது தோலுக்கும் கழுத்துத் தசைக்கும் நடுவில் உள்ள கொழுப்புக்கு மட்டும். ஒரு மாத இடைவெளியில் ஆறு தடவை வரை போடலாம். ஒவ்வொரு தடவையும் கழுத்து வீங்கி, பல நாள் தொட முடியாமல் இருக்கும். தாடை விளிம்பு நரம்புக்கு அருகில் விழுந்தால் சிரிப்பு சில வாரங்களுக்கு அல்லது மாதங்களுக்குக் கோணலாகும். விரலுக்குள் கொஞ்சமே வரும் கொழுப்புக்காக, கலியாணத்துக்கு நாலு மாதம் இருக்கும் ஒருவருக்கு இதைப் போடுவது நியாயம் இல்லை. குளிரால் கொழுப்பைக் குறைக்கும் இயந்திரமும் உண்டு. அதில் அரிதாக, குறைய வேண்டிய கொழுப்பே தடித்து வளர்ந்துவிடும், பிறகு அதை எடுக்கக் கத்திதான் வேண்டும். இவருக்கு எடையைக் குறைப்பதே கழுத்துக்கான சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தேன்.

முதலில் கரைத்தது

ஏற்கெனவே உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் எதையும் மேலே போட முடியாது. உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்டில் பார்த்தோம். கரைக்கக்கூடிய ஹையலூரோனிக் அமில ஜெல் கறுத்த குழியாகத் தெரியும். கல்சியம் கலந்த ஃபில்லர் வெளிச்சமாகத் தெரிந்து கீழே நிழல் விழுத்தும். சிலிக்கோன் என்றால் திரை முழுக்கப் பனிப்புயல் மாதிரி வெள்ளையாகப் படர்ந்து அதற்குக் கீழே எதுவும் தெரியாது. சிலிக்கோனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும், ஏனெனில் அதைக் கரைக்க மருந்தே இல்லை. இவருக்கு இரண்டு பக்கமும் கறுத்த குழிகள். இடது பக்கம் ஜெல் எலும்பின் மேல் இல்லை, மெல்லும் தசைக்கு மேலே, உமிழ்நீர்ச் சுரப்பியை ஒட்டி நின்றது. பல்லைக் கடிக்கும்போது தசை அதை வெளியே தள்ளியதால்தான் கட்டியாகத் தெரிந்தது.

"இருந்ததையும் கரைச்சால் நான் வெறுமனே எல்லோ நிற்கப்போறன்?" என்று கேட்டார். நியாயமான பயம். மூன்று கிழமைக்கு அப்படித்தான் இருக்கும் என்று மறைக்காமல் சொன்னேன்.

கரைக்கும் நொதியின் பெயர் ஹையலூரோனிடேஸ். தேனீ, குளவி நஞ்சிலும் இதே வகை நொதி இருக்கிறது. வன்னியில் வளர்ந்தவரிடம் குளவி கொட்டிய கதை கேட்காமல் இருக்க முடியுமா? கொட்டியிருக்கிறது, வீங்கியதோடு சரி, மூச்சுத் திணறல் வரவில்லை. என்றாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறு அளவு போட்டுப் பார்த்து, கவனிப்பில் வைத்திருந்து, பிறகே முகத்தில் போட்டேன். இடது பக்கம் அடுத்த நாளே மென்மையாகியது. மீதி இருந்ததற்கு இரண்டு கிழமை கழித்து இன்னொரு சிறிய அளவு. வலது பக்கத்தையும் முழுதாகக் கரைத்துவிட்டோம்.

காத்திருந்த காலத்தில்

பல்சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் அனுப்பினேன். தனியாரிடம் செலவழிக்க முடியாதவர்களுக்கு கொழும்பு 7, வோட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. அவருக்குக் கிடைத்த பதில் நான் எதிர்பார்த்ததுதான். 32 வயதில் கம்பி பற்களை நகர்த்தும், எலும்பை நகர்த்தாது. தாடையை உண்மையில் முன்னுக்குக் கொண்டுவரும் வழி அறுவைச் சிகிச்சை மட்டுமே. அதைச் செய்தால் மூச்சு வழியும் விரியும். இதைக் கேட்டுவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். கத்தியில்லா வழிகளைச் செய்கிற நாங்கள் அந்தக் கத்தியைப் பற்றி நோயாளிக்குச் சொல்லாமல் விடுவது ஏமாற்று என்று நான் நினைக்கிறேன். தெரிந்துகொண்டு வேண்டாம் என்பது வேறு, தெரியாமலே போவது வேறு.

குறட்டைக்காக, வீட்டில் கட்டிக்கொண்டு தூங்கும் பரிசோதனைக் கருவி. மணிக்கு 8 தடவை மூச்சு தடைப்பட்டது. 5இலிருந்து 15க்குள் இருந்தால் இலேசான மூச்சுத்தடை. எடை குறைத்தல், பக்கவாட்டில் படுத்தல், இரவில் மது தவிர்த்தல். நாடியில் ஜெல் போட்டால் குறட்டை குறையுமா என்று கேட்டார். குறையாது. ஜெல் எலும்புக்கு வெளியே இருக்கிறது, நாக்கு எலும்புக்கு உள்ளே தொங்குகிறது.

நாடிக்கு ஊசி

கலியாணத்துக்கு ஏறத்தாழ பதினொரு கிழமை இருக்கும்போது முதல் ஊசி. நான் எடுத்தது கெட்டியான ஹையலூரோனிக் அமில ஜெல். இந்த வகை ஜெல்லை நாடிக்கென்று அமெரிக்க நிர்வாகம் முதலில் அங்கீகரித்தது 2020இல், ஜூவிடர்ம் வொலூமா. தாடை விளிம்புக்கென்று 2022இல் வொலுக்ஸ். கெட்டித்தன்மை ஏன் வேண்டும் என்றால், நாடித் தசை நாள் முழுவதும் அழுத்தும், மென்மையான ஜெல் அந்த அழுத்தத்தில் தட்டையாகிப் பரவிவிடும். கல்சியம் கலந்த ஃபில்லரும் உறுதியானது, எனினும் தேவைப்பட்டால் கரைக்க முடியாது. அவசரத்தில் பின்வாங்க வழி இல்லாத எதையும் முதல் தடவையில் நான் பாவிப்பதில்லை.

தாடி முழுவதையும் எடுத்துவிட்டு வரச் சொன்னேன். மனம் இல்லாமல் வந்தார். காரணம் சுத்தம் மட்டுமல்ல. ஜெல் இரத்தக்குழாயை அடைத்தால் தோல் முதலில் வெளிறும், பிறகு வலைபோலத் திட்டுத் திட்டாகும். பாடப் புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத் தோலில் அந்த வெளிறல் மங்கலாகவே தெரியும், தாடிக்குள் தெரியவே தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், தோலை அழுத்தி விட்டு நிறம் திரும்ப எத்தனை நொடி எடுக்கிறது என்று ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் பார்க்கிறேன். நாடியில் போடும்போது உதட்டின் உட்புறமும் ஈறும் நாக்கும் பார்க்க வேண்டும். நாடிக்கு அடியில் ஓடும் குழாய்க்கும் நாக்கு அடிக் குழாய்க்கும் தொடர்பு உண்டு, நாடி ஊசியில் நாக்கு பாதிக்கப்பட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன.

ஆபத்தான இடங்கள் இரண்டு. மெல்லும் தசையின் முன் விளிம்பில், தாடை எலும்பைத் தாண்டி முகத்துக்கு ஏறும் பெரிய தமனி. பல்லைக் கடித்துக்கொண்டு விரல் வைத்தால் அதன் துடிப்பை நீங்களே உணரலாம். இரண்டாவது, இரண்டாம் சிறு கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே எலும்பில் உள்ள சிறு துளை, அதிலிருந்து நரம்பும் குழாயும் வெளியே வருகின்றன. இரண்டையும் பேனாவால் குறித்தோம்.

நடுவில் எலும்பின் மேல் ஊசியால் 1.2 மில்லிலீட்டர். இரு பக்கமும், நாடியும் தாடை விளிம்பும் சேரும் பள்ளத்தில், மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயான கனியூலாவால் 0.4 மில்லிலீட்டர் படி. ஆண் நாடி அகலமாகவும் சற்றுச் சதுரமாகவும் இருக்க வேண்டும். நடுவில் மட்டும் போட்டால் கூரான, முகத்தோடு ஒட்டாத முனை ஒன்று வரும். மொத்தம் 2 மில்லிலீட்டர். 7 மில்லிமீட்டர் பின்னால் நின்ற நாடி இப்போது கோட்டுக்கு 4 மில்லிமீட்டர் பின்னால் நின்றது.

7 மில்லிமீட்டரையும் ஒரேயடியாக நிரப்பலாமே என்று கேட்பவர்களுக்கு: எலும்புக்கும் இறுகிய தசைக்கும் நடுவில் நிறைய ஜெல்லைத் திணித்தால், அந்த இடத்தில் எலும்பின் மேற்பரப்பு தேய்ந்திருப்பதை ஸ்கேனில் கண்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பேசும்போது ஜெல் உருண்டையாகத் துருத்தும் அபாயமும் இருக்கிறது. சிறிய அளவு, நடுவில் இடைவெளி.

வீங்கியது மூன்று நாள். இடது பக்கம் சின்னக் கன்றல், ஒரு கிழமையில் மறைந்தது. சொல்லி அனுப்பியவை: அமுக்கிப் பார்க்க வேண்டாம், இரண்டு கிழமைக்குப் பல் வேலை வேண்டாம். வரவரக் கூடும் வலி, தோல் நிறம் மாறுதல், உதடு விறைத்தல் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் எடுக்கும்படி போன் இலக்கம் கொடுத்தேன். ஆடிவேலுக்கு அலகு குத்தும் நேர்த்திக்கடன் உண்டா என்றும் கேட்டேன். கன்னத்தில் ஜெல் இருக்கும் ஆண்களிடம் இந்தக் கேள்வியைக் கொழும்பில் கேட்டே ஆக வேண்டும். கிருமி உள்ளே போக அதைவிட நேரான வழி இல்லை. இவருக்கு இல்லை.

நாலு கிழமை கழித்து, இன்னும் 0.8 மில்லிலீட்டர். அதோடு நாடித் தசைக்கு இரு பக்கமும் 3 அலகு போட்டொக்ஸ், தசை ஜெல்லை அழுத்தாமல் இருக்க. தோல் குழிவிழுவது நின்றது. கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் நிறுத்தினோம். மெல்லும் தசைக்கும் போட்டொக்ஸ் போடச் சொல்லி ஒரு நண்பர் ஆலோசனை சொல்லியிருந்தாராம். அது தசையைச் சிறுக்க வைத்து முகத்தை ஒடுக்கும். அகலமான தாடை கேட்டு வந்தவருக்கு அது எதிர்த்திசை. காலையில் தாடை இறுகுவதும் உருண்டையை நிறுத்தியதோடு குறைந்துவிட்டது.

தாடியும் எடையும்

செலவே இல்லாமல் கிடைத்த பலன் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக. பலர் தாடியின் கீழ் எல்லையைத் தாடை எலும்பின் விளிம்பிலேயே வெட்டி விடுகிறார்கள், எடுப்பாகத் தெரியும் என்று நினைத்து. நடப்பது நேர்மாறு. விளிம்புக்குக் கீழே உள்ள சதை முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். எல்லை குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே இருந்து, அங்கிருந்து வளைந்து காதுக்குப் பின்னால் ஏற வேண்டும். அப்போது நாடிக்குக் கீழே விழும் நிழலே விளிம்பாகத் தெரியும். கன்னத்தில் குட்டையாகவும் நாடியில் நாலைந்து மில்லிமீட்டர் நீளமாகவும் விட்டால் பக்கவாட்டில் நாடி அவ்வளவு முன்னுக்கு வரும், ஊசியில் ஒரு மில்லிலீட்டர் தருவதற்குக் குறையாமல். காலி வீதியில் வழமையாகப் போகும் சலூனில் காட்ட, படம் வரைந்து கொடுத்தேன்.

கலியாணத்துக்குள் ஆறு கிலோ குறைந்தார். வேலை முடிந்து மரைன் டிரைவில் நடை, இரவில் கொத்து ரொட்டியை நிறுத்தியது, அவ்வளவுதான். கழுத்துக் கோணத்தில் வந்த மாற்றத்தில் பெரும் பங்கு அதனுடையது. கொழுப்பு ஊசியைப் பற்றி அவர் பிறகு பேசவேயில்லை.

போகும் முன் பார்க்க வேண்டியவை

மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் இலங்கையில் பதிவு செய்வது, 2015ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். மருத்துவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்று பெயரை வைத்துத் தேடிப் பார்க்கலாம். இதெல்லாம் போனிலேயே முடியும் வேலை. பிறகு, கதிரையில் இருக்கும்போது: முத்திரை உடைக்காத பெட்டியை உங்கள் கண் முன் திறக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் தொகுதி இலக்கத்தோடு ஒட்டும் சீட்டு இருக்கும், ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஹையலூரோனிடேஸ் இங்கே இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய் அடைபட்டால் மணிக்கணக்கில்தான் அவகாசம், மருந்தைத் தேடி நகரம் சுற்ற நேரம் இருக்காது. இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு இறக்குமதி ஜெல் எல்லாம் விலை ஏறிவிட்டது. மலிவு விலை ஊசிக்கு ஆண்கள் ஏன் போகிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் இவருக்கு அந்த மலிவு ஊசியைக் கண்டுபிடித்துக் கரைக்க ஆன செலவு, அதைப் போட்டதற்குக் கொடுத்ததைவிட அதிகம்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை ஊசி கேட்டு வருகிறவர்களுக்கும் இங்கேயே சொல்கிறேன்: நான் போடுவதில்லை. குறைந்தது ஒரு மாதம் வேண்டும், வீக்கத்துக்கும் திருத்தத்துக்கும்.

பதின்மூன்றாம் மாதத்தில்

மனைவியோடு வந்தார். நாடி கோட்டுக்கு 5 மில்லிமீட்டர் பின்னால், அதாவது ஜெல் தந்த 4 மில்லிமீட்டரில் பாதி இன்னும் நிற்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றரை ஆண்டு என்று நாங்கள் சொல்லும் கணக்கோடு பொருந்துகிறது. அல்ட்ராசவுண்டில் மூலைகள் இரண்டும் சுத்தம். சிரிப்பு நேர். குறைந்த ஆறு கிலோவில் ஒரு கிலோ திரும்பியிருக்கிறது. தூக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை 8இலிருந்து 5க்கு வந்திருக்கிறது, மனைவி குறட்டை இன்னும் உண்டு என்கிறார்.

மறுபடி போடுவதா என்று பேசினோம். 1 மில்லிலீட்டர், நாடிக்கு மட்டும், தைப்பொங்கல் கழிந்து. அதற்கு முன் தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரை ஒரு தடவை நேரில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டு அதைத் தெரிந்தெடுத்தால் ஜெல்லை முழுதாகக் கரைத்துக் கொடுப்பேன். அதற்கான குறிப்பும் கோப்பில் இருக்கிறது.